தக்கலைத் தலைக்கணக்கு

2011 சென்சஸ்படி பத்மநாபபுரம் நகராட்சியின் மக்கள்தொகை 21,342. இந்த எண்ணில் ஒரு வட்டாரத்துக் கணக்கு என் கையெழுத்தில் போனது. பள்ளிக்கூட ஆசிரியர்களுக்குத் தேர்தல் வேலை வருவதுபோல சென்சஸ் வேலையும் வரும். ஆர்டர் கைக்கு வந்ததும் முணுமுணுத்துக்கொண்டேதான் பயிற்சிக்குப் போவோம். தெருவில் இறங்கியபிறகு முணுமுணுப்பு போய்விடும். வருஷக்கணக்கில் பள்ளிக்கு நடந்துபோன அதே தெருதான். எந்த வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்திருக்க மாட்டோம். கையில் சென்சஸ் பாரம் இருந்தால் எல்லா வீட்டிலும் நாற்காலி போடுவார்கள், கட்டன்சாயா வரும், பிறகு அந்த வீட்டுக் கதையும் வரும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்மநாபபுரம் என்றால் நீங்கள் அரண்மனையை நினைப்பீர்கள். உள்ளூரில் பஸ் ஏறுகிறவர்கள் தக்கலைக்குத்தான் டிக்கெட் எடுப்பார்கள். பஸ் ஸ்டாண்டு, தாலுகா ஆபீஸ், கோர்ட்டு, பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் தக்கலை. அரண்மனையைச் சுற்றிக் கருங்கல் மதிலுக்குள் இருக்கும் பகுதி மட்டும் 'கோட்டைக்குள்ள'. இரண்டும் சேர்ந்ததுதான் நகராட்சி. பகல் பதினொரு மணிக்குத் தக்கலை சாலையில் நின்று பார்க்கிறவன் இருபத்தோராயிரம் என்றால் நம்ப மாட்டான். பக்கத்துப் பேரூராட்சிகளிலிருந்து வேலைக்கும் வழக்குக்கும் வைத்தியத்துக்கும் வருகிற கூட்டம் அது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடும். சென்சஸுக்கு அவர்கள் வேறு ஊர்.

அப்புறம் 'நகரம்' என்றதும் கட்டடக் காட்டை நினைக்கவேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011-இல் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் நகர்ப்புறத்தவர்களாகக் கணக்கில் ஏறினார்கள். தென்னந்தோப்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வீடுகள்கூடப் பேரூராட்சி எல்லைக்குள் வருவதால் அப்படி. இங்கே ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் இருக்கும் மாவட்டத்தில் இடைவெளிக்கு ஏது இடம்?

இந்த ஊரின் ஆள்கணக்கை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அரண்மனையின் ஊட்டுப்புரைதான் ஞாபகம் வரும். மாடிக்கு ஆயிரம் பேராக, இரண்டு மாடியிலும் சேர்த்து இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இன்றைய ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரே பந்தியில் இலை போட்டுவிடலாம். கல்குளம் என்ற பழைய பெயரோடு இருந்த காலத்திலிருந்து வேணாட்டு, திருவிதாங்கூர் அரசர்களின் தலைநகரம் இது. மார்த்தாண்டவர்மா 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக எழுதிவைத்தார். ஊருக்கும் அந்தச் சாமியின் பெயர். பிறகு 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. ராஜா போனால் கூடவே கணக்கப்பிள்ளையும் போவார், வைத்தியரும் போவார், பூஜைக்காரர், சமையல்காரர், பட்டாளம், பட்டாளத்தை நம்பிக் கடை வைத்தவர் எல்லாரும் போவார்கள். ஆக, வேலை தேடி வெளியே போகும் பழக்கத்தைத் தக்கலைக்கு வளைகுடா கற்றுக்கொடுக்கவில்லை. திருவனந்தபுரம் அதற்கு முன்பே கற்றுக்கொடுத்துவிட்டது. சாமிகளும் வருஷாவருஷம் போய்த்தான் வருகின்றன. நவராத்திரிக்கு அரண்மனை சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் கிளம்புவார்கள். அரண்மனை இன்றைக்கும் கேரள அரசின் தொல்லியல் துறை வசம்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு மண், கேரளத்து நிர்வாகம்.

தலைநகரமாக இருந்த காலத்தில் இங்கே எத்தனை பேர் என்று எண்ணி வைத்தவர்கள் இல்லை. 1816-இல் தொடங்கிய வார்டு, கானர் என்ற இரண்டு வெள்ளைக்காரர்களின் சர்வே சமயத்தில் திருவிதாங்கூர் முழுவதற்கும் 9,06,587 பேர் என்று ஒரு கணக்கு. 1875-இல் நாகம் அய்யா நடத்திய முறையான சென்சஸில் 23,11,379. அறுபது வருஷத்தில் இரண்டரை மடங்கு! இதைப் படித்துவிட்டு அந்தக் காலத்தில் எல்லாரும் வதவதவென்று பெற்றுத் தள்ளினார்கள் என்று பேசுவார்கள். நான் அவ்வளவு லேசில் நம்ப மாட்டேன். வீடு வீடாகப் போனவள் சொல்கிறேன்: சரியாக எண்ணத் தொடங்கினாலே ஜனத்தொகை கூடும். ஆள் எண்ண வருகிறவன் வரி போட வருகிறான் என்று நினைத்த காலத்தில் எந்த வீட்டுக்காரன் எல்லாத் தலையையும் காட்டியிருப்பான்?

மதக் கட்டத்துக்கு வருவோம். மாவட்டத்தில் 2011-இல் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. தமிழ்நாட்டில் இப்படியொரு விகிதம் வேறெங்கும் இல்லை. தக்கலையில் முஸ்லிம்களின் பங்கு மாவட்டச் சராசரியைவிட நன்றாகவே கூடுதல் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை; பீர்முகம்மது அப்பா என்ற சூஃபிக் கவிஞரின் தர்காவைச் சுற்றிய தெருக்களில் ஒரு நடை நடந்தாலே போதும். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தறி நெய்தார், பாடினார் என்பார்கள். ரஜப் மாதத்து ஆண்டுவிழாவில் ராத்திரி முழுக்க அவருடைய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை ஓதுவதைக் கேட்க மதம் பார்க்காமல் கூட்டம் வரும். கிறிஸ்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பது பெரிய கதை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மார்த்தாண்டவர்மாவுக்கே படை பழக்கினார். அவருடைய கல்லறை தக்கலைக்கு அடுத்த புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அவர் வழியாகக் கிறிஸ்தவரான தேவசகாயம் எங்கள் ஊர் நீலகண்டசுவாமி கோயிலில் உத்தியோகம் பார்த்தவர். 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் வாத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. அவர்களுக்கும் முன்னாலேயே கடற்கரையில் சவேரியார் வந்துபோயிருந்தார். 19ஆம் நூற்றாண்டில் மைலாடி, நாகர்கோவில், நெய்யூர் என்று லண்டன் மிஷன் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரியும் திறந்தது. மாவட்டத்தின் எழுத்தறிவு 2011-இல் 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். அதன் அஸ்திவாரத்தில் அந்தப் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, பாரத்துக்கு வருகிறேன். அதில்தான் எனக்கு ருசி.

பிறந்த இடம் என்று ஒரு கட்டம். கேட்க எளிதாக இருக்கும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பதில் எழுத ஒரு வக்கீலே வேண்டும். கோட்டைக்குள் ஒரு பாட்டா, வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். "எங்க பிறந்திய பாட்டா?" என்று கேட்டேன். "திருவாங்கூர்ல" என்றார். கன்னியாகுமரி மாவட்டம் என்று எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியொரு ஜில்லா நான் பிறக்கையில கெடையாது டீச்சரே" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. அதற்காக நேசமணி தலைமையில் பெரிய போராட்டம் நடந்தது; 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ஆனால் சென்சஸ் விதிப்படி இன்றைய எல்லையைத்தான் எழுதவேண்டும். இதே கட்டத்தில் சின்னப் பிள்ளைகளிடமும் வம்பு வரும். பிரசவத்துக்குத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போவது எங்கள் பக்கம் சாதாரணம். அம்மாவும் அப்பாவும் தக்கலை, பிள்ளை பிறந்தது கேரளம். அஞ்சாம் நாள் கைக்குழந்தையாக வந்தது, காகிதத்தில் வேறு மாநிலத்தில் பிறந்த ஆள். பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களையும் சேர்த்தால், பக்கத்து வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் மாநிலம் விட்டு மாநிலம் இடம்பெயர்ந்தவர்கள். அட்டவணையில் பார்க்கிற ஆராய்ச்சியாளர் பெரிய குடிபெயர்ச்சி நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஒரு மணி நேர பஸ் பயணம்தான் அது.

அடுத்தது குடும்பத் தலைவர். இதில்தான் நான் அதிகம் திண்டாடினேன்.

2011-இல் விதி இப்படி: பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பு. வழக்கமாக அந்த வீட்டில் இருப்பவர், இந்த நாட்களில் ஒரு நாளாவது ஊரில் இருந்திருந்தால் கணக்கு உண்டு. முழுக்கவே இல்லாதவருக்குக் கணக்கு இல்லை. வெளியூரில் இருந்தால் அந்த ஊரில் எண்ணுவார்கள். வெளிநாடு என்றால்? அந்த நாட்டுக் கணக்கில் சேர்வார். நம் பாரத்தில் அவர் பெயரே வராது. துபாயும் ரியாதும் குவைத்தும் தோஹாவும் இல்லாத தெரு தக்கலையில் கிடையாது.

தர்கா பக்கம் ஒரு வீடு. புது வீடு, வாசலில் கிரானைட் படி, மாடிக்கு ஸ்டீல் கைப்பிடி. உம்மா, மருமகள், இரண்டு பிள்ளைகள். "தலைவர் யாரு?" என்றேன். மருமகள் கணவனின் பெயரைச் சொன்னாள். "எங்க இருக்காவ?" "அவிய துபாயில இருக்காவ." விதியைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அவிய பேரை எழுதாம எப்படி டீச்சரே? இந்த வீடு கெட்டுனது அவியல்லா?" உம்மா குறுக்கிட்டு, "எம்மவன் என்ன செத்தா போனான், பேரு வராம இருக்க?" என்றார்கள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் உம்மாவைத் தலைவராக எழுதி, மருமகளை 'மகனின் மனைவி' என்று சேர்த்தேன். திருமண நிலை: திருமணமானவர். அந்தப் பாரத்தைத் தனியாகப் பார்க்கிறவனுக்கு மகனும் தெரியமாட்டான், கணவனும் தெரியமாட்டான், அப்பாவும் தெரியமாட்டான். மூன்று பேருக்கு மூன்று உறவாக இருக்கும் ஒரே ஆள், வீட்டுக்கு அரிசி வாங்குவதே அவருடைய பணத்தில். ஆனால் பாரத்தில் அவருக்கு ஒரு வரி இல்லை.

இன்னொரு வீட்டில் அதே கேள்வி. அங்கே மனைவி சற்றும் யோசிக்காமல், "நான்தான் தலைவர், எழுதுங்க. கரண்டு பில்லு, ஸ்கூல் பீஸு, ஆஸ்பத்திரி எல்லாம் நான்தானே பாக்குறேன்" என்றாள். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப் போனது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆண்பெண் விகிதத்தைப் பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். தமிழ்நாட்டில் 996, இந்தியாவில் 943. எங்கள் ஊரிலும் பெண்கள்தான் அதிகம். மேடையில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெண் பிள்ளையைப் பேணி வளர்க்கும் மாவட்டம், படித்த மாவட்டம் என்று. அது பொய்யில்லை. பெண்களுக்கு ஆயுசும் கூடுதல். ஆனால் பெண்கள் கூடியிருப்பதில் ஒரு பகுதி, ஆண்கள் விமானம் ஏறியதால் வந்தது. அதை எந்த மேடையிலும் சொல்லிக் கேட்டதில்லை.

வளர்ச்சியும் அப்படித்தான். 2001-இல் இருபதாயிரத்துக்குச் சற்று மேல், 2011-இல் இருபத்தோராயிரத்துச் சொச்சம். பத்து வருஷத்தில் ஏழு சதவீதம்கூடக் கூடவில்லை. அதே பத்து வருஷத்தில் மாவட்டம் 16,76,034-இலிருந்து 18,70,374 ஆனது. பதினொன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். நாட்டுக்குப் பதினேழரைக்குச் சற்று மேல். ஊர் தேங்கிவிட்டது என்று நகராட்சிப் பக்கம் வருத்தப்படுகிறவர்கள் உண்டு, ஆள் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மானியம் வரும் என்பதால். எனக்கு அந்த வருத்தம் இல்லை. குடும்பம் சின்னதானதும் அதற்கு ஒரு காரணம். அது பெண்கள் எடுத்த முடிவு.

இதற்குச் சாட்சி பாரத்தின் கடைசிப் பக்கம். இதுவரை பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று கல்யாணமான பெண்களிடம் கேட்கவேண்டும். இளம் பெண்கள் இரண்டு என்பார்கள், இரண்டுக்கு இரண்டு. ஒன்று என்பவர்களும் உண்டு. ஒரு வீட்டுத் திண்ணையில் முந்திரித் தோலுரித்துத் தோலுரித்து விரல் கறுத்துப்போன ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர் முந்திரி ஆலையில் நெடுங்காலம் வேலை செய்தவர். பிள்ளைகள் ஆறு என்றார். உயிரோடு? "ஆறு." எழுதப் போனேன். அதற்குள், "பிறந்ததெல்லாம் கேக்கியளா? பிறந்தது ஒம்பது" என்றார். பக்கத்தில் நின்ற மகளுக்கே அது தெரியவில்லை. "என்னம்மா சொல்லுத?" என்று கேட்டாள். ஒன்று மூணாம் நாள் போனது, ஒன்று கழிச்சலில் போனது, ஒன்று நடக்கத் தொடங்கிய பிறகு காய்ச்சலில். வருஷம் தெரியாது, எந்தப் பிள்ளைக்கு அடுத்தது என்று மட்டும் சொன்னார். இரண்டு கட்டத்தில் ஒம்பது, ஆறு என்று எழுதினேன். மகள் வீட்டில் இரண்டு, இரண்டு. ஐம்பது வருஷத்து ஆஸ்பத்திரியும் தடுப்பூசியும் பள்ளிக்கூடமும் செய்த வேலை அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. மாவட்டப் புள்ளிவிவரப் புத்தகத்தில் வரைபடமாக வருவது இதுதான்.

பாரத்தின் வேறு பகுதிகள் அவ்வளவு சுவாரஸ்யமில்லை. தொழில் கட்டத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதச் சொல்லிவிட்டுத் தையல் மெஷினில் உட்காரும் பெண்களிடம் இரண்டு முறை கேட்கவேண்டும், அவ்வளவே. தாய்மொழிக் கட்டத்தில் அநேகமாகத் தமிழ், சில வீடுகளில் மலையாளம்; தெரிந்த பிற மொழிகள் என்ற கட்டத்தில் இரண்டில் மற்றது. சண்டை ஒன்றும் வரவில்லை.

28-ஆம் தேதி ராத்திரி வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்கவேண்டும். பஸ் ஸ்டாண்டு, கடைத்திண்ணை, கோயில் வாசல் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தோம். மார்ச் முதல் ஐந்து நாள் திருத்தச் சுற்று: இடையில் பிறந்தவர், இறந்தவர். அந்த வருஷம் மார்ச் 2 சிவராத்திரி. சிவாலய ஓட்டக்காரர்கள் காவி வேட்டியும் கையில் விசிறியுமாக "கோபாலா, கோவிந்தா" என்று கத்திக்கொண்டு பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடுவார்கள். ஏழாவது எங்கள் கல்குளம் நீலகண்டசுவாமி. நான் பாரத்தோடு தெருவில் ஒதுங்கி நிற்கிறேன், ஊர் ஜனத்தொகை அளவுக்கு ஆள் ஓடிக்கொண்டிருக்கிறது. கூட வந்த சார், "இவியளையும் எண்ணிட்டா ஊரு கார்ப்பரேஷன் ஆயிரும் டீச்சரே" என்றார்.

2020-இல் வீட்டுப்பட்டியல் தொடங்குவதாக இருந்தது, கொரோனாவில் நின்றுபோனது. இனி 2027-இல்தான் எண்ணிக்கை. மார்ச் 1 கணக்குத் தேதி. காகிதம் கிடையாது, செல்போன் ஆப். நாமே பதிவு செய்துகொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். 1931-க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதியையும் எழுதப்போகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரே சாதிக்கு ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு பெயர், அந்தக் கரையில் ஒரு பெயர் என்றிருக்கும்போது ஆப்பில் எதைத் தட்டப்போகிறார்களோ. நான் பென்ஷன் வாங்குகிறேன், எனக்கு ஆர்டர் வராது. ஆனால் இந்த முறை எண்ண வருகிற பிள்ளைக்குப் புது வேலை ஒன்று இருக்கும். பேக்கரியிலும் கட்டட வேலையிலும் ஹோட்டல் அடுக்களையிலும் இருக்கும் வடக்கத்திப் பையன்கள். ஒரு ஷெட்டில் பத்துப் பேர், யார் தலைவர் என்று கேட்டால் சிரிப்பார்கள். பிப்ரவரியில் இங்கே இருந்தால் அவர்கள் தக்கலைக்காரர்கள், எங்கள் கணக்கில் வருவார்கள். அவர்கள் ஊரில் ஏதோ ஓர் ஆச்சி, "எம்மவன் என்ன செத்தா போனான்" என்று அங்குள்ள டீச்சரிடம் கேட்டுக்கொண்டிருப்பார்.

என் மகனும் ஷார்ஜாவில்தான் இருக்கிறான், மனைவி பிள்ளைகளோடு. போன வாரம் போனில் இதையெல்லாம் சொன்னேன். 2027 பிப்ரவரியில் ஒரு வாரம் வந்துபோனால் கணக்கில் ஏறலாமா என்று கேட்டான். ஒரு வாரம் வந்தாலும் ஏற முடியாது, நீ வழக்கமாக இருப்பது அங்கே என்றேன். "அப்ப நான் எந்த ஊரும்மா?" என்றான். உன் ரேஷன் கார்டு பேரை முதலில் எடுக்கச் சொல்லி சப்ளை ஆபீஸிலிருந்து ஆள் வந்தார், அதற்கு ஒரு பதில் சொல்லு என்றேன். ஜூலையில் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் வந்து பார்க்கிறானாம்.